கள்ளக்கடலும் அருள்புரத்துத் துணியும்

அமானுஷ்யம் என்ற சொல்லை நான் வகுப்பறையில் ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. இயற்பியல் கற்பித்தவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. பேய்க்கதை சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எழுவது அச்சமல்ல, அருவருப்பு. இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னையும் அந்த வரிசையில் நிறுத்தலாம். நிறுத்துங்கள்.

என் மகன் செந்தில் குமரிக் கடற்கரையில் கால் நனைக்க இறங்கியபோது கள்ளக்கடல் இழுத்துக்கொண்டது. காற்றே இல்லாத தெளிந்த நாளில், எங்கோ தென்கடலில் கிளம்பிய பேரலை சொல்லாமல் கரையேறுவதை அப்படி அழைப்பார்கள். அது தணியாமல் தேடும் வள்ளங்கள் இறங்க முடியாது. மனைவி ருக்மணி சர்க்கரை ஏறி மயங்கியதால் நான் கடலே இல்லாத எங்கள் ஊர் அருள்புரம் திரும்பி, கைப்பேசியில் அலை அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் இரண்டரை மீட்டர். மறுநாள் மூன்று. அதன் பிறகு தணிவதுபோல் காட்டி மீண்டும் ஏறியது.

மச்சினன் ஒரு குறிகாரரை அழைத்து வந்தான்.

"தம்பி கெழக்க இருக்கறாருங்க" என்றார் அவர்.

"எங்க வாசலும் கெழக்குத்தானுங்க. அப்படியே நடங்க" என்றேன்.

வீட்டின் கீழ்த்தளம் செந்திலின் பனியன் கம்பெனி. பின்னல் துணியை உருளையிலிருந்து பிரித்த கையோடு வெட்டக்கூடாது. இழுபட்டது தன் இயல்புக்குச் சுருங்கி அடங்கும்வரை பரப்பிப் போட வேண்டும். செந்தில் பரப்பிவிட்டுப் போன வெள்ளைத் துணி மேசையில் அப்படியே கிடந்தது.

"இன்னும் வெட்டலீங்களா பழனி?" என்று கட்டிங் மாஸ்டரைக் கேட்டேன்.

"துணி அடங்க மாட்டேங்குதுங்க சார். நீங்களே பாருங்க."

பட்டப்பகல். மின்தடை, விசிறிகள் நின்றிருந்தன. துணியில் ஒரு மெல்லிய மேடு மேசையின் ஒரு முனையில் எழுந்து, மறுமுனைவரை நகர்ந்து மறைந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

"எலிங்களா சார்?"

"எலி கடிகாரம் பார்த்து ஓடாதுங்க பழனி."

மேட்டுக்கு மேடு பதினெட்டு விநாடி. காலை அறிக்கையில் அலைக்கு அலை சொல்லியிருந்த இடைவெளியும் அதுவே. குனிந்து மேசைக்கு அடியில் தேடினேன். எதுவும் இல்லை.

மறுநாள் மதியம் துணி அசையவில்லை. அறிக்கையோ எச்சரிக்கையை மேலும் நீட்டியிருந்தது. பழனி சொல்லிக் கேட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்த ருக்மணி துணியைத் தொட்டுப் பார்த்தாள். "நின்னுருச்சுங்க. போனப் போடுங்க" என்றாள். குறிகாரரைவிடக் கீழானவனாக என்னை உணர்ந்தபடி, குமரியில் தேடப் போகக் காத்திருந்த வள்ளக்காரரை அழைத்து, கடல் அடங்கிவிட்டதா என்று கேட்டேன்.

"இப்பதான ஐயா அடங்குச்சு! ஒங்களுக்கு எவன் சொன்னான்? ஒங்க ஊர்ல கடல் கெடக்கா?"

அன்று மாலையே செந்தில் கிடைத்துவிட்டான்.

"கடலம்மா திருப்பிக் குடுத்துட்டா மச்சான்" என்று மச்சினன் அழுதான்.

"எடுத்தவளுக்கு நன்றி வேற சொல்லோணுமா?" என்றேன்.

துணி அசைந்ததற்கு நீங்கள் ஏதாவது காரணம் சொல்வீர்கள். நானும் சிலவற்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆனால் உடலை ஒப்படைத்தபோது, எங்கே கண்டீர்கள் என்று வள்ளக்காரரைக் கேட்டிருந்தேன்.

"நாங்க தேடவே இல்லய்யா. கரைய விட்டுக் கொஞ்சந்தான் போனோம். எதுத்தாப்புல, கரையப் பாத்து அவருல்லா வந்தாரு."

அந்நாளின் நீரோட்டப் பதிவைப் பின்னர் வரவழைத்துப் பார்த்தேன். காலை முதல் இருட்டும்வரை அங்கே நீர் கரையைவிட்டு வெளியேதான் ஓடியிருக்கிறது.