மடவையின் ஈரலும் சினையும்

பிள்ளைகளா, இந்தத் தீவுக்கு வந்து மீன் ஆராய்ச்சி ஆபீஸில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்ததும் எனக்குக் கொடுத்த வேலை, கிரீக்கில், அதாவது உப்பங்கழியில், மடவை மீனும் மட்டிச் சிப்பியும் பிடித்து வருவது. மேட்டில் காய்கறித் தோட்டங்கள். அங்கே அடிக்கிற பூச்சிமருந்து மழையில் நாலா என்கிற ஓடை வழியாகக் கிரீக்குக்குத்தான் வரும். அது மீன் உடம்பில் சேர்கிறதா என்று பார்க்க மெயின்லேண்ட் லேபுக்கு சாம்பிள் போகும்.

நமக்குத் தூத்துக்குடிப் பக்கம். குடலோடு மீனைக் கொடுத்தால் மரியாதை இல்லை. செதில் சீவி, குடல் எடுத்து, கழுவி ஐஸ் பெட்டியில் அடுக்குவேன். மட்டியையும் சுத்தமான உப்புத்தண்ணீரில் போட்டுச் சேறு கக்க வைப்பேன். பழைய ஆபீசர் பெட்டியைத் திறந்ததே இல்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது.

ஈரலையும் சினையையும் வீசமாட்டேன். பக்கத்து வீட்டு ரோசம்மா அக்காவின் மகள் மாசமாக இருந்தாள். சத்து என்று அவளுக்குக் கொடுப்பேன்.

பிறகு புது ஆபீசராக ஒரு மேடம் வந்தார். முதல் நாளே பெட்டியைத் திறந்தார்.

"கலேஜி கஹாங் ஹை, அந்தோணி?"

ஈரல் எங்கே என்கிறார். மருந்து கொழுப்பில்தான் தங்கும், ஈரலிலும் சினையிலும்தான் அதிகம் சேரும் என்றார். பூனைக்குப் போட்டேன் என்று பொய் சொன்னால் வேலை பிழைக்கும். ஆனால் அந்தப் பெண் வாரக்கணக்கில் தின்றிருக்கிறாளே. உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

மேடம் திட்டவில்லை. ஜீப்பை எடுக்கச் சொன்னார். நேரே ரோசம்மா அக்கா வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும், அவள் என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏல அந்தோணி, கழுவுனது ஆபீசுக்கு, கழிச்சது எம்மவளுக்கா?"

மகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, இனி கிரீக் மீன் வேண்டாம், மாதாமாதம் வந்து காட்டினால் போதும் என்றார். மறுநாள் மேடமே என்னோடு படகில் ஏறினார். சேறோடு, குடலோடு பிடித்து அனுப்பினோம். இந்தத் தடவை ஈரலில் மருந்து இருந்தது. மட்டியிலும் இருந்தது. வேலை போகவில்லை. ஆனால் பிரசவம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பையன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது ஹேவ்லாக் தீவில் ரிசார்ட் வேலையில் இருக்கிறான். அந்தக் கிரீக்கும் ஜீப்பும் அடிக்கடி நினைவுக்கு வரும். சோதிக்கக் கொடுப்பதை அழுக்கோடு கொடுங்கள், பிள்ளைகளா. உங்கள் தப்பையும் அப்படியே.

ரோசம்மா அக்கா இன்றும் நான் மீன் நீட்டினால் வாங்குவதற்கு முன் கேட்பாள்:

"ஏல, கடலா, கிரீக்கா?"