மோட்டார் அறைக்கு நான் போட்ட பூட்டு

இங்கே மேற்கு ஜெர்மனியில் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். வந்த முதல் வாரம் வெந்நீர் பிடிக்கக் காலுறையோடு வெளியே போனவன், என் அறை வாசலிலேயே அரைமணி நேரம் அசடு வழிய நின்றேன். மூன்றாண்டு ஆகியும் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் கை சட்டைப் பையைத் தடவுகிறது.

என் ஆராய்ச்சியும் கிட்டத்தட்டப் பூட்டைப் பற்றியதுதான். அங்கங்கே சிதறிக் கிடக்கும் நீரேற்று நிலையங்களின் மோட்டார்களில் சின்னஞ்சிறு கம்ப்யூட்டர்களைப் பொருத்துகிறோம். கம்பி வழியே வரும் உத்தரவு உரிய இடத்திலிருந்துதான் வருகிறதா என்று அவை எப்படி அறியும்? முதல் சோதனையில் பேராசிரியர் பக்கத்து அறையிலிருந்து, தலைமைக் கம்ப்யூட்டரின் பெயரில் 'நில்' என்று அனுப்பினார். என் மோட்டார் பேசாமல் நின்றுவிட்டது.

"ஏன் நம்பியது?" என்றார்.

"நம் இணைப்புக்குள் இருக்கும் இயந்திரம்தானே" என்றேன்.

"உள்ளே இருந்தால் நம்பிவிடலாமா?"

அந்தக் கேள்வியே எனக்கு அப்போது விளங்கவில்லை. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் கிணறு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. ஒருநாள் அவர் முறை, மறுநாள் எங்கள் முறை. மோட்டார் அறைக்குப் பூட்டே கிடையாது.

போன கோடை விடுப்பில் அந்தத் திறந்த கதவைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ராசிபுரத்தில் பூட்டு வாங்கி மாட்டினேன். பெரியப்பாவுக்கும் ஒரு சாவி கொண்டுபோனேன். பெரிய நியாயவான் என்று நினைப்பு.

அவர் கை நீட்டவில்லை. "ஏஞ்சாமி, எம்பட மொறை இல்லாதப்ப நா வந்து மோட்டாரப் போட்டுருவன்னா பூட்டுனே?"

"இல்லீங்க பெரியப்பா, வெளியாளுங்களுக்காகத்தானுங்க."

"வெளியாளு ஆரு அங்க வாரா? சாவிய உங்கொப்பன்கிட்டயே குடு. எனக்குத் தண்ணி வேண்டாம்."

அன்றே அப்பா பூட்டைக் கழற்றி எறிந்தார். ஆனாலும் பெரியப்பா தன் முறைக்கு வரவில்லை. அடுத்தடுத்த முறைகளுக்கும் வரவில்லை. அவருடைய மரவள்ளி வாடத் தொடங்கியது. இத்தனை வருடம் ஒன்றாகத் தண்ணீர் கட்டியவர்களைப் பத்தே நாளில் பிரித்துவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான் கிளம்ப வேண்டிய நாள் அவர் முறை. நானே மோட்டாரைப் போட்டு, வாய்க்காலை அவர் மரவள்ளிக் காட்டுக்குத் திருப்பிவிட்டு, மண்வெட்டியோடு நின்றேன். பெரியப்பா வரப்பில் வந்து நின்றார். நல்ல வெயில். அவர் கண் பார்வையில் ஒரு குறையும் இல்லை.

"ஆருங்க அது?" என்றார், வெளியாளைக் கேட்பதுபோல.

நின்ற இடத்திலிருந்தே என் பெயரைச் சொன்னேன். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.