எங்கள் டிராக்டர் ஒழுகிய இடம்

கீழ்வேளூருக்குக் கிழக்கே எங்கள் ஊரில் முப்பத்தோரு குடும்பங்களுக்கு நிலம் வந்தபோது எனக்குப் பதினேழு வயது. உச்சவரம்புக்கு மேல் இருந்தது என்று சர்க்கார் எடுத்து, அதே வயல்களில் கூலிக்கு நட்டு அறுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒப்படை செய்த நிலம். சட்டம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கோர்ட்டில் தடை, தடைக்கு மேல் தடை. கோட்டையில் ஆட்சி மாறியது, மந்திரிகளின் கரைவேட்டி நிறம் மாறியது, மறுபடியும் மாறியது. கடைசியில்தான் பட்டா கைக்கு வந்தது. என் அம்மா அந்தப் பட்டாவுக்காக இரண்டு தடவை ஜெயிலுக்குப் போய் வந்தவள்.

நிலம் வந்தது, உழத்தான் வழியில்லை. மிராசுதார்கள் கூடிப் பேசி, யாருடைய டிராக்டரும் எங்கள் வயலுக்குள் இறங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். இரண்டு வருஷம் கடன் வாங்கிய மாடுகளை வைத்துப் பாதியை உழுதோம். மீதி கோரை முளைத்துக் கிடந்தது. மூன்றாம் வருஷம் எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கமே முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பழைய டிராக்டரை வாங்கியது. ஓட்டுவதற்குத் திருவிடைமருதூரிலிருந்து ஒரு டிரைவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். பேச்சு குறைவு, கை சுத்தம். வண்டி ஊருக்குள் நுழைந்த அன்று பெண்கள் குலவை போட்டதும், அவர் வெட்கப்பட்டு ஹாரனை அழுத்திக்கொண்டே வந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் குறுவையில்தான் வண்டி ஒழுக ஆரம்பித்தது.

வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வந்த இரண்டாம் நாள். சேற்றுழவு நடந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் ஓடியதும் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ரேடியேட்டருக்கு அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டிரைவர் நிறுத்தி, ஆறவிட்டு, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஓட்டினார். மறுபடி அரை மணி நேரம். மறுபடி குடம். இப்போது எல்லோரும் பச்சைக் கூலன்ட் ஊற்றுகிறோம். அன்றைக்கு வாய்க்கால் தண்ணீர்தான், அது இல்லாவிட்டால் உப்புக் கரிக்கும் கைபம்புத் தண்ணீர்.

டவுனிலிருந்து மெக்கானிக் வந்தார். கீழ்க் குழாய் ரப்பரை மாற்றினார், புதுக் கிளிப் போட்டு முறுக்கினார், போனார். மறுநாள் காலையில் ஒழுகியது. திரும்ப வந்தார். கிளிப்பை இன்னும் முறுக்கி, கருப்புப் பசை தடவினார். மத்தியானம் ஒழுகியது. "ரேடியேட்டரே போயிடுச்சுங்க. வேற வாங்கணும். திருச்சியிலேருந்து வர ஒரு வாரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் எங்களிடம் இல்லை. நாற்று இருபத்தைந்து நாளைத் தொட்டிருந்தது, இனி வைத்திருந்தால் முற்றிவிடும். முறைத் தண்ணீர் இன்னும் ஐந்து நாளில் அடுத்த ஊருக்குத் திரும்பிவிடும். அதற்கும் மேலாக ஒன்று இருந்தது. ஒப்படை நிலத்தைத் தரிசு போட்டிருக்கிறார்கள், பட்டாவை ரத்து செய்ய வேண்டும் என்று மிராசுதார் தரப்பில் தாசில்தாருக்கு மனு போயிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., நேரில் பார்த்து, எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கல் கணக்கில் எழுதப் போகிறார் என்று தகவல். கோரை மண்டிக் கிடந்த பாதி நிலமும் அதற்குள் சேறாகியிருக்க வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை.

இதில் நான் எங்கே வருகிறேன் என்று சொல்லவேண்டும். நாகப்பட்டினத்தில் ஐ.டி.ஐ. படித்து, மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாஸ் செய்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த முதல் நாள் வாசலில் இருந்தவர் என்னைத் தையல் பிரிவுக்கு வழிகாட்டினார். நான் சீட்டைக் காட்டியதும் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருஷம் காக்கிச் சட்டை போட்டு, எண்ணெய்க் கையோடு பஸ் ஏறி, மற்றவர்களைவிட நல்ல மார்க் வாங்கினேன். பிறகு வேலைவாய்ப்பு ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டு, அம்மாவோடு நடவு நட்டுக்கொண்டிருந்தேன். டிராக்டர் ஒழுகிய அந்த இரண்டு நாளும் கூப்பிடு தூரத்தில்தான் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகவும் போகவில்லை. போயிருக்க வேண்டும். தப்பாகிவிட்டால் ஊர் முழுக்கச் சிரிக்குமே என்ற பயம்.

செவ்வாய் சாயங்காலம் சங்கக் கொட்டகையில் கூடினார்கள். சங்கச் செயலாளர் எனக்குச் சித்தப்பா முறை. வேறு ஊரிலிருந்து மாடு கேட்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள்.

"எம்பொண்ணு ரெண்டு வருஷம் என்னத்துக்குப் படிச்சா? அவளை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"என்ன பாப்பா, உன்னால முடியுமா?"

"பாத்தாத்தான் சொல்ல முடியும் சித்தப்பா" என்றேன்.

டிரைவர் மென்மையாகத்தான் சொன்னார். "தங்கச்சி, ரெண்டு தடவை மெக்கானிக் பாத்துட்டாரு. இது பரீட்சை இல்லம்மா."

"பாக்குறதுல என்ன நஷ்டம்?" என்றாள் அம்மா. "சரி, காலையில பாக்கட்டும்" என்றார் சித்தப்பா.

புதன்கிழமை விடிந்ததும் காக்கிச் சட்டையைத் தாவணிக்கு மேல் போட்டுக்கொண்டு போனேன். வண்டி களத்தில் நின்றது. சுற்றிலும் பாதி ஊர் நின்றது.

முதலில் ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். ரேடியேட்டரின் அடியும் கீழ்க் குழாயும் அதற்குப் பின்னால் இன்ஜினின் முகமும் எல்லாமே சேறும் ஈரமுமாக இருந்தன. ஓடும்போது விசிறி தண்ணீரை இழுத்து எங்கும் வாரி அடித்துவிடுகிறது. சொட்டுகிற இடம் எல்லோருக்கும் தெரிகிறது, கசிவு தொடங்குகிற இடம் யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இன்ஜின் ஓடக் கூடாது, ஆனால் உள்ளே அழுத்தம் இருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் அதற்கென்று ஒரு கருவி இருந்தது. எங்கள் ஊரில் சைக்கிள் பம்பு இருந்தது.

எல்லாவற்றையும் பழந்துணியால் துடைத்துக் காயவைத்தேன். ரேடியேட்டரை நிரப்பி மூடினேன். "யாராவது வீட்ல கோலமாவு இருந்தா கொண்டாங்க" என்றேன். ஒருத்தி சிரித்தாள். ஆனால் ஓடிப்போய் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். குழாயின் இரண்டு முனையிலும், ரேடியேட்டரின் அடித்தொட்டி மடிப்பிலும், தண்ணீர் திறந்துவிடும் திருகிலும் மாவைத் தூவினேன். மூடிக்குப் பக்கத்தில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் சின்னக் குழாய் இருக்கும். அதில் சைக்கிள் பம்பின் டியூபைச் செருகித் துணியால் இறுக்கிக் கட்டினேன்.

"அண்ணே, மெதுவா அடிங்க. நான் போதும்னா நிறுத்திடணும்."

டிரைவர் அடித்தார். பத்து, பதினைந்து. நான் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மடிப்பு வெளுப்பாக இருந்தது. திருகும் வெளுப்பாக இருந்தது. கீழ்க் குழாய் ரேடியேட்டரில் வந்து சேரும் இடத்தில், கிளிப்பின் விளிம்பில், மாவு கறுத்தது. கடுகளவு. பிறகு மிளகளவு. பிறகு ஒரு துளி உருண்டு என் கன்னத்தில் விழுந்தது.

"போதும்ணே! ரேடியேட்டர் நல்லாத்தான் இருக்கு!" என்று கத்தினேன்.

தண்ணீரை இறக்கிவிட்டு, கிளிப்பைத் தளர்த்தி, ரப்பர் குழாயை உருவினேன். அது மாட்டியிருந்த ரேடியேட்டரின் பித்தளை வாய்க்குள் விரலை விட்டுச் சுற்றினேன். ஓரிடத்தில் விரல் தாழ்ந்தது. ஒரு வைக்கோல் துண்டைக் குறுக்கே வைத்து, வாயின் அகலத்துக்குச் சரியாகக் கிள்ளினேன். அதையே மேலும் கீழுமாக நிறுத்தினேன். நிற்கவில்லை, இடித்தது. ஒரு நெல்லின் கனம் வித்தியாசம். வட்டமாக இருக்கவேண்டிய வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிட்டிருந்தது. புதுக் கிளிப்பும் தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. வாயின் நுனியில் குழாய் நழுவாமலிருக்க ஒரு மேடு இருக்கும், கிளிப் அதற்கு உள்பக்கம் நிற்க வேண்டும். இது மேட்டின் மேலேயே ஏறி நின்றது. ஒழுக ஒழுக முறுக்கியிருக்கிறார்கள், முறுக்க முறுக்க வாய் நசுங்கியிருக்கிறது.

வைக்கோலை டிரைவர் கையில் கொடுத்தேன். அவரும் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசிய விதமே வேறு.

"இப்ப என்ன பண்ணலாம்?"

"வட்டமாக்கணும். அந்த அளவுக்கு உருண்டையா கட்டை ஒண்ணு வேணும்ணே."

மண்வெட்டிக் காம்பு ஏறக்குறைய அந்தக் கனம்தான். அம்மாவே தன் மண்வெட்டியைக் கழற்றிக் கொடுத்தாள். நுனியை அரிவாளால் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனை சிறுத்து, மேலே வர வரப் பருக்கும்படி செய்தேன். எண்ணெய் தடவி, வாய்க்குள் வைத்துத் திருப்பித் திருப்பி, மரச்சுத்தியால் தட்டினேன். பலமாகத் தட்டினால் வாயும் தொட்டியும் சேருகிற ஈயப் பற்று விட்டுப்போகும். அப்புறம் நிஜமாகவே ரேடியேட்டர் போய்விடும். ஏழெட்டுத் தட்டு ஆனதும் 'டிக்' என்று ஒரு சத்தம். என் கை அப்படியே நின்றது. காம்பை உருவிப் பார்த்தேன். உள்ளிருந்து வெள்ளையாக ஒரு சில்லு விழுந்தது. கைபம்புத் தண்ணீரின் உப்புப் படிவு. பற்று அப்படியே இருந்தது.

மறுபடி தட்டினேன். வைக்கோல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நின்றபோது நிறுத்தினேன். பழைய பசையைச் சுரண்டி, வாயைப் பளபளக்கத் தேய்த்து, ரப்பர் குழாயின் நசுங்கிய நுனியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டு, மேட்டைத் தாண்டி முழுசாக உள்ளே ஏற்றினேன். கிளிப்பை மேட்டுக்கு அந்தப் பக்கம் வைத்து, ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை முறுக்கினேன்.

"இன்னும் ரெண்டு சுத்து முறுக்கிடு தங்கச்சி."

"வேணாம்ணே. முறுக்கித்தானே இந்தக் கதி."

அவர் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுபடி மாவு தூவி, பம்பு அடித்தோம். முப்பது அடி. மாவு வெளுப்பாகவே இருந்தது. ஆனாலும் ஓடிப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. வண்டி வயலில் இறங்கியது. நான் வரப்பில் நின்றேன். அரை மணி நேரம் தாண்டியது. ஒரு மணி நேரமும் தாண்டியது. கோரை வயலின் இரண்டாவது சுற்றில் டிரைவர் என் எதிரில் வந்து நிறுத்தி, சூட்டு முள்ளைக் காட்டினார். நடுவில் நின்றது. சேற்றில் இறங்கிப் போய் அந்த இணைப்பின் அடியில் கை வைத்தேன். கை சுட்டது, ஆனால் நனையவில்லை.

அந்த நிமிஷம் எனக்கு வந்த கர்வத்தை மறைக்க விரும்பவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இன்ஜின்களை இறக்கி ஏற்றிவிட்டேன். அந்தக் காய்ந்த கையைப்போல எதுவும் என்னை உயர்த்தவில்லை. வரப்பேறி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "சுட்டுக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். ஆனால் பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கும்படி, தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டாள்.

புதனும் வியாழனும் வண்டி நிற்கவில்லை. ஆர்.ஐ. வந்தபோது கடைசி வயலில் சேற்றைச் சமப்படுத்தும் பரம்பு ஓடிக்கொண்டிருந்தது, மற்ற வயல்களில் நடவு. அவர் வரப்பு வரப்பாக நடந்து எல்லாவற்றையும் எழுதினார். "வண்டி கெட்டுக் கெடக்குன்னு சொன்னாங்களே?" என்று சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா பதில் சொல்வதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

"ரிப்பேர் பண்ணிட்டாங்க சார். எங்க மெக்கானிக் அவங்கதான்" என்று என்னைக் காட்டினார். ஆர்.ஐ. பேனாவை நிறுத்தி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நான் கைநிறைய நாற்றோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். மனு தள்ளுபடியானது என்று பத்து நாளில் செய்தி வந்தது.

அடுத்த சம்பா உழவில், மனு போட்டவர்களில் ஒருவருடைய வீட்டிலிருந்து ஆள் வந்தான். அவர்கள் டிராக்டர் ஒழுகுகிறதாம், மெக்கானிக் பார்த்தும் நிற்கவில்லையாம், நான் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டனுப்பியிருந்தார்கள். சங்கத்தில் போகக் கூடாது என்று பாதிப் பேர் சொன்னார்கள். எனக்கு அந்த வண்டியைப் பார்க்க ஆசையாக இருந்தது, சொல்லக் கூச்சமாகவும் இருந்தது. அம்மாவைக் கேட்டேன். அந்த வீட்டுக்கு இருபது வருஷம் கூலிவேலைக்குக் கொல்லைப்பக்கமாகவே போய் வந்தவள் அவள்.

"போ. வாசல் வழியா போ" என்றாள்.

ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காக்கிச் சட்டையில், வாசல் வழியாகத்தான் போனேன். யாரும் தடுக்கவில்லை. "வாங்க" என்றார் அந்த வீட்டுப் பெரியவர், என் முகத்தைப் பார்க்காமல். வண்டியின் முன்னால் உட்கார்ந்து, கோலமாவு வேண்டும் என்று கேட்டேன். அங்கே ஒழுகியது வேறு இடம், தண்ணீர் பம்பின் வாஷர். அரை மணி நேர வேலை.