வசந்திக்கு நான் செய்தது

எங்கள் மாதர் சங்கம் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்காக நன்கொடை திரட்டும். பல வருடங்களாக அதிகம் திரட்டுபவள் நான்தான். தையல் வேலை செய்யும் வசந்தி, சேர்ந்த முதல் வருடமே என்னை முந்திவிட்டாள். எல்லோரும் அவளுக்குக் கைதட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது.

மறு வருடம் அவளுக்கு முன்பே தேரடித் தெருக் கடைகளுக்குப் போய், "வசந்தின்னு ஒருத்தி வந்தா குடுத்துடாதீங்க. அவ எங்க சங்கமே இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

அவளுக்கு வசூலாகவில்லை. பணம் போதாமல் இல்லத்தில் ஓர் அறைக்குக் கூரை மாற்ற முடியாமல் போனது. கார்த்திகை மழையில் அங்கே போனேன். குழந்தைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார்கள். வசந்தி ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா. கடைக்காரரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் சங்கத்துல சொல்லல?"

"சொன்னா நீங்க வசூலுக்கே வரமாட்டீங்க. புள்ளைங்களுக்குத்தானே நஷ்டம்?"

அடுத்த வாரம் இருவரும் சேர்ந்தே அந்தக் கடைகளுக்குப் போனோம். நான் சொன்னது பொய் என்று ஒவ்வொரு கடையிலும் என் வாயாலேயே சொன்னேன். தை பிறப்பதற்குள் கூரை மாறியது.

அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனா? அதை நினைத்தால் இன்றும் அவள்மேல் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.