காதை நம்பித் தாவிய பள்ளம்

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருக்கிற போனுக்குத்தான் முதல் திட்டு. அன்றும் திட்டினேன். கீரனூர் தாண்டி பஸ் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதில் நானும் தம்பியும் டிவியில் கேம் பெட்டியை மாட்டி, கேசட் போட்டு ஆடிய அதே விளையாட்டு போனுக்கும் வந்திருக்கிறதே என்று ஆசையாக இறக்கியிருந்தேன். அதில் ஒரு பள்ளம் வரும். அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவேன். இப்போது ஒவ்வொரு தடவையும் பொத்தென்று விழுந்தேன்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. தினமும் விழ விழ அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவுக்குக் கை நடுக்கம் வந்தது என் வயதில்தான். சாவியைப் பூட்டில் நுழைக்க முடியாததில் ஆரம்பித்து, காபி டம்ளரைப் பிடிக்க முடியாததில் கொண்டுபோய் விட்டது. எனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபீசில் கையெழுத்துப் போடும்போது விரல்களையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த தம்பி, திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து நான் விழுவதைப் பார்த்தான்.

“எப்பக்கா தாவுற?”

“பாட்டுல டிங்குனு ஒரு மணி வரும்ல, அப்பத்தான். நாம எப்பவும் அப்படித்தானடா ஆடுனோம்.”

உண்மைதான். எங்கள் பழைய டிவியில் படம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். பள்ளம் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அதனால் இருவரும் காதை நம்பித் தாவப் பழகியிருந்தோம்.

“சத்தத்த அமுக்கிட்டு, கண்ணால பாத்துத் தாவு.”

தாவினேன். தாண்டிவிட்டேன். நம்பிக்கை வராமல் மறுபடி ஆடினேன். மறுபடியும் தாண்டினேன்.

“அந்தப் பெட்டிக்குன்னே எழுதுன கேமுக்கா அது. பாட்டும் படமும் சேந்தே ஓடும். போனுக்கு மாத்துனவன் பாட்ட தனியா மேல ஒட்டி விட்டுட்டான். படம் ஒரு பக்கம் போவுது, பாட்டு பின்னாடி வருது. கம்ப்யூட்டருக்கு மாத்துனவன் கொஞ்சம் மெனக்கெட்டிருக்கான், அதுல சரியா இருக்கு.”

அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்பா கை மாதிரி ஆயிருச்சோனு பயந்து செத்தேன்டா. ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?”

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “நானும் அங்கிட்டு ரூமுல விழுந்துகிட்டேதான்க்கா கெடந்தேன். அதே பயந்தான். அப்பறந்தான் நோண்டிப் பாத்தேன்.”

“ஒரு போன் போட்டுச் சொல்லித் தொலைச்சா என்னடா?”

“நீ சொன்னியாக்கா?”

எழுந்து போய்க் காபி போட்டேன். இரண்டு டம்ளரிலும் விளிம்பு வரை ஊற்றி, தட்டு வைக்காமல் கையிலேயே எடுத்து வந்தேன். அவனும் ஒரு சொட்டுச் சிந்தாமல் வாங்கிக்கொண்டான்.