இத்தா வீட்டுக் கோச்சி

அவர் மௌத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் நான் வீட்டுக்குள் இருந்தேன். புருசன் போனால் பெண் அப்படி இருப்பது எங்கள் முறை. இத்தா என்று சொல்வோம். வாசல்படி இறங்கக் கூடாது. அந்நிய ஆண்கள் முன்னால் வரக் கூடாது. வெள்ளைப் புடவை. வீடு இரண்டு அறை, மீள்குடியேறி வந்தவர்களுக்குக் கிடைத்தது. ஒரு யன்னல் கிணற்றைப் பார்க்கும். மற்றது மதிலைப் பார்க்கும்.

அழுதேன். பிறகு அழுகை முடிந்தது. நாள் முடியவில்லை.

கட்டாரில் வேலை செய்யும் மகன் ஒரு கிழமை லீவில் வந்து போனான். முகம் பார்த்துப் பேசுவதற்கென்று தன் பழைய லாப்டொப்பை விட்டுப் போனான். அதற்குள் அவன் விளையாடிய ரயில் ஓட்டும் விளையாட்டு இருந்தது. ரயிலை நாங்கள் கோச்சி என்போம். "ஓட்டிப் பாருங்கோ உம்மா, பொழுது போகும்," என்றான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என்றாலும் ஓட்டினேன். போக ஒரு விசை, நிற்க ஒரு விசை. கெதியில் அலுத்துவிட்டது. யாரோ போட்ட பயணம். அவர்கள் சொன்ன இடத்தில்தான் நிற்க வேண்டும்.

அந்த லீவில்தான் என் பயணத்தையும் தீர்மானித்தார்கள். இத்தா முடிந்ததும் வீட்டை அடைத்துவிட்டு நான் புத்தளம் போவது. மகனும் அவருக்கு மூத்தவரான நானாவும் முன் விறாந்தையில் இருந்து பேசி முடித்தார்கள். நான் திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். என்னிடம் கேட்கவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்றுதான்.

எங்கள் ஆட்களில் வீடு மகளுக்கு. மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். எனக்கு மகள் இல்லை. ஆகவே புத்தளத்தில் நான் இருக்கப் போவது மகன் வீட்டில் அல்ல, மகனுடைய மாமியின், மருமகளைப் பெற்றவவின் வீட்டில். நல்ல மனுசி. என்றாலும் அடுப்பு அவவுடையது. உப்பையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் காணியை நானும் அவரும் வெட்டித் துப்புரவாக்கினோம். தொண்ணூறில் இயக்கம் போகச் சொல்லி ஊரோடு வெளிக்கிட்டவர்கள். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் மகன் வளர்ந்து ஆளானான். சண்டை முடிந்து மன்னாருக்குத் திரும்பி வந்தால் பழைய வீட்டு அத்திவாரத்துக்குள் உடைமரம் நிற்கிறது. கிணற்றுக்குள்ளும் முள். அவருடைய உள்ளங்கைத் தோல் உரிந்து போனது. வீட்டை அடைத்தால் ஒரு மாரி போதும், முள் திரும்ப வரும்.

இதை மகனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டைப் பற்றித்தான் சொன்னேன்.

"ஆரோ சொல்ற இடத்தில நிக்கிறது சரியில்ல மகன்."

"அப்ப நீங்களே பயணத்தப் போடுங்கோ. அதுக்கு வேற பக்கம் இருக்கு," என்று காட்டித் தந்தான்.

அந்தப் பக்கத்தில் எதுவும் ஓடாது. வெறும் தண்டவாளம் கிடக்கும். கோச்சியை நாங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது, எங்கே முடிவது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லாம் இங்கிலீசு. நான் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தைப் பிடித்துக்கொண்டேன். தொப்பி மாதிரி இருந்தால் டிரைவர். கொடி என்றால் நிற்கும் இடம். முதல் போட்ட கோச்சி அசையவே இல்லை. டிரைவரை வைக்காமல் விட்டிருக்கிறேன். இரண்டாவது, நிற்கச் சொன்ன ஸ்டேஷனைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

கடலை நோக்கிப் போகும் ஒரு பாதையை எடுத்துக்கொண்டேன். எந்த நாடோ தெரியாது. ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன்களுக்கு நானே பெயர் வைத்தேன். மதவாச்சி, செட்டிகுளம், மடு றோட், முருங்கன், மன்னார், எங்கள் ஊருக்கு வந்த பழைய கோச்சிப் பாதை. எழுதவில்லை, மனதுக்குள்தான்.

அடுத்த வளவில் அவரின் தங்கச்சி இருந்தாள். சோறு கொண்டுவருவாள். ஒரு நாள் சட்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"மதினி, மௌத்து வீட்டில கோச்சி கூவுது எண்டு சனம் கதைக்குது."

"சத்தத்தக் குறைக்கிறன்."

"தோட்டவெளி ஊருக்கே இப்பதான் தண்டவாளம் போடுறானுகள். அதுக்குள்ள உங்கட வீட்டுக்குக் கோச்சி வந்திட்டாம். ஆரு டிரைவர்?"

"நான்தான்."

அவள் குனிந்து பார்த்தாள். ஸ்டேஷன் மேடையில் நான் நிறுத்தி வைத்த ஆட்கள் நின்றார்கள்.

"இதில நிக்கிறது ஆம்பிளதானே? இத்தாவில இருந்துகொண்டு அவனப் பாக்கலாமா?"

"படம் புள்ள."

"படமெண்டாலும் மீசை இருக்கே."

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். அவள் போனதும் அந்த ஆளை எடுத்துவிட்டேன். பிறகு மற்ற ஆண்களையும் எடுத்தேன். மேடையில் ஒரு கிழவியும் இரண்டு பெட்டியும் மிஞ்சின.

ஒரு பயணம் சரியாக வந்ததும் மகன் சொல்லித் தந்தபடி அவனுக்கு அனுப்பினேன். அவன் தன் புது லாப்டொப்பில் ஓட்டிக்கொண்டே என்னோடு பேசினான்.

"உம்மா, இந்த இடத்தில கோச்சி நிக்குது. ஸ்டேஷனும் இல்ல, ஒண்டும் இல்ல. ஒரு மணித்தியாலம் எண்டு போட்டிருக்கீங்க."

"அது மதவாச்சிக்கு இஞ்சால. ஆமி செக்கிங்."

"என்ன?"

"எல்லாரும் இறங்கி, பெட்டியத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையக் காட்டி நடந்து போய், திரும்ப ஏறோணும். ஒரு மணித்தியாலம் வேணும்."

அவன் சிரித்த சிரிப்பில் அவன் அறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரும் எழும்பிவிட்டார். "இது வேற நாடு உம்மா. இஞ்ச ஆர் செக்கிங் செய்ற? இப்ப எங்கட நாட்டிலயும் எடுத்திட்டாங்களே."

நான் பிழையாகப் போட்டேன் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயணம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். எடுக்கச் சொன்னான். எடுத்தேன். எடுத்த பிறகு கோச்சி இன்னும் வேகமாக வந்து சேர்ந்தது. எனக்கு அது சரியாகப்படவில்லை.

அன்றைக்கே அவன் சொன்னான், அவன் பெரியவாப்பா என்று கூப்பிடும் நானா வேன் பேசிவிட்டாராம். இத்தா முடிந்த மறுநாள் காலை. "எல்லாம் ரெடி உம்மா, நீங்க உடுப்ப மட்டும் எடுங்கோ." லைன் அறுந்துவிட்டது.

பிறகு நான் இரண்டு கோச்சி போட்டேன். ஒன்று வர, ஒன்று போக. ஓட விட்டால் இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டன. சிவப்பு விளக்கு. மகனிடம் கேட்டேன். "ஒற்றைத் தண்டவாளம்தானே. ஒண்டு பக்கத்து லைனுக்கு ஒதுங்கி நிக்கோணும். மற்றது போனப்புறம் வரும்." என் கோச்சியை ஒதுக்கினேன். மற்றது கடந்து போனது. என்னுடையது நின்றுகொண்டே இருந்தது. பிறகு எங்கே போவது என்று நான் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது எனக்குத் தெரியும். திருத்தலாம். திருத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மதிலில் ஏறி இறங்கிப் போனது. கோச்சி ஒதுங்கிய இடத்திலேயே நின்றது. யாரும் அதை வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மகனுடைய மாமி வீட்டு அடுப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. அதை நினைத்தேன்.

லாப்டொப்பை மூடிவிட்டுப் பின்னேர அஸர் தொழுதேன்.

கடைசியாக ஒரு பயணம் போட்டேன். ஒரே கோச்சி. தூரத்தில் இருந்து வருவது, பாதை கடலோடு முடியும் இடத்தில் நிற்பது. நடுவில் செக்கிங்கைத் திரும்ப வைத்தேன், ஆனால் நேரத்தைக் குறைத்தேன். வெள்ளிக்கிழமை மகனுக்கு லீவு. ஓட்டினான்.

"வந்திட்டன் உம்மா. கடல் தெரியுது. அங்கால?"

"அங்கால ஒண்டுமில்ல. இறங்கு."

"திரும்பிப் போறதுக்கு ஒண்டும் போடல்லயே. மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல. திரும்பிப் போக ஆள் இல்ல. நான் இஞ்சதான் இருக்கப் போறன் மகன்."

அங்கே காற்றாடி சுற்றும் சத்தம் கேட்டது.

"மாமி உங்கட அறைக்கு வெள்ளை அடிச்சு வெச்சிருக்காவே."

"சந்தோசம் எண்டு சொல்லு. மனசு நோகாம சொல்லு."

"தனிய எப்பிடி இருப்பீங்க?"

"இப்ப ஆரோட இருக்கிறன்?"

அவன் கண்ணைத் துடைத்தான், இல்லை மூக்கைத் துடைத்தான். படம் தெளிவில்லை. "பெரியவாப்பாட்ட என்னால சொல்ல ஏலா உம்மா. நீங்களே சொல்லுங்கோ," என்றான்.

வேன் சொன்னபடி வந்தது. அவரின் நானா முற்றத்தில் நின்றார். இத்தா முடிந்திருந்தும் நான் திரைக்குப் பின்னால் நின்றே சொன்னேன்.

"நானா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. நான் வரல்ல."

"என்ன கதை இது? வேன் வந்து நிக்குது."

"பேசாலைக் கருவாடு ஒரு பெட்டி கட்டி வெச்சிருக்கிறன். சம்பந்தி வீட்டுக்கு. அத ஏத்துங்கோ, வேன் சும்மா போகாது."

அவர் சத்தம் போட்டார். தம்பி இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்டார். தேத்தண்ணியை அவரின் தங்கச்சி கொண்டுபோய் வைத்தாள். குடித்தார். பெட்டியை ஏற்றினார். வேன் போய்விட்டது.

"இனி என்ன மதினி, கதவு திறந்துதானே கிடக்குது. வாங்கோ கடைக்குப் போவம்," என்றாள் அவள்.

படியில் நின்றேன். கால் இறங்கவில்லை. உள்ளே போய் அலுமாரியைத் திறந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"மூணு வீடு தள்ளிக் கடை. அதுக்கு என்னத்துக்கு அடையாள அட்டை?"

"கையில கிடக்கட்டும்," என்றேன். இறங்கினேன்.