மூன்று முறை வந்த பெயர்

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சல்லடை’ என்று பெயர். எந்த எண்ணிக்கையையும் அப்படியே நம்ப மாட்டாள். அறிக்கையில் இருப்பதிலேயே சிறிய குழுவின் பட்டியலைத் திறந்து, பெயர்களை விரல் விட்டு எண்ணிய பிறகுதான் அறிக்கையை அனுப்புவாள். பதினேழு வருடப் பழக்கம். அதற்காக யாரும் பாராட்டியதில்லை; தாமதத்துக்குத் திட்டியதுண்டு.

அன்று பதினொரு மணிக்குக் கூட்டம். அவளுடைய நிறுவனம் நடத்தும் ஆறு டயாலிசிஸ் மையங்களில், வாரத்துக்கு இருபது பேருக்குக் குறைவாக வரும் மையத்தை மூடி, இயந்திரங்களைப் பெரிய மையத்துக்கு மாற்றுவார்கள். அங்கே ஒன்பது பேர் இயந்திரத்துக்காகக் காத்திருந்தார்கள். ஆறிலேயே சின்ன மையத்துக்குப் போய்வந்தவர்களில் ஒருத்தி அவளுடைய அக்கா.

ஓ.ஆர்.எம். என்ற கருவி இருந்தால் தரவுத்தளத்தின் மொழியைத் தொட வேண்டியதில்லை. நோயாளிகளை ஒரு வார வருகைப் பதிவோடு சேர், மையவாரியாகப் பிரி, எண்ணு என்று ஒரு வரி எழுதினால் போதும். எழுதினாள். சின்ன மையம்: முப்பத்தொன்பது. அப்போதுதான் மூச்சு வந்தது.

“சல்லடை, ஆச்சா?” மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

“எல்லாமே இருபதுக்கு மேலதான் சார். ஒரு தடவை சரிபார்த்துட்டு அனுப்பறேன்.”

“நீங்க சலிச்சு முடிக்கறதுக்குள்ள கூட்டமே கலைஞ்சுடும்மா!”

மணி பத்து நாற்பது. சின்ன மையத்தின் பட்டியலைத் திறந்தாள். ஏழாவது வரியில் அக்காவின் பெயர். இருபதாவதில் மறுபடியும். முப்பத்துமூன்றாவதில் இன்னொரு முறை. விரல் நின்றது. வாரம் மூன்று முறை போகிறவளைக் கருவி மூன்று பேராக்கியிருந்தது. வருகைகளை எண்ணிவிட்டு, ‘ஆட்கள்’ என்று தலைப்பிட்டிருந்தாள்.

ஒரே ஆளை ஒரு முறை மட்டும் எண்ணவைக்க ‘டிஸ்டிங்க்ட்’ என்ற ஒரு சொல் போதும். சேர்க்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது, மேனேஜரே அவசரப்படுத்துகிறார். ஆனால் காத்திருக்கும் அந்த ஒன்பது பேரின் பெயர் எந்தப் பட்டியலிலும் ஒரு முறைகூட வரவில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்குச் சொல்லைச் சேர்த்தாள். பதின்மூன்று. அனுப்பினாள்.

கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் நின்று போன் செய்தாள்.

“அக்கா, உங்க மையத்தை மூடப்போறாங்க. நான் அனுப்பின கணக்குதான்.”

“அடிப்பாவி! இனி ரெண்டு பஸ் மாறணுமே. எத்தனை பேர்னு போட்ட?”

“பதிமூணு.”

“என்னையும் சேர்த்தா?”

“சேர்த்துத்தான்க்கா.”

“சரியாத்தான் இருக்கு. போற அன்னிக்கெல்லாம் யார் வந்தாச்சு, யார் வரலைன்னு நாங்களும் எண்ணிட்டுத்தான உக்காந்திருக்கோம்.” பிறகு குரல் தாழ்ந்தது. “திங்கக்கிழமை என்கூட வரியாடி? அந்த வழி எனக்குத் தெரியாது.”